கைக்கு அடக்கமான சாமான்

சல்லிசு என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. ஊரிலுள்ள கடைக்காரர்கள் மனமுவந்து வைத்தது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், "இதைவிடச் சல்லிசா இல்லையா?" என்று கேட்பார். 'இது' என்ன விலை என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே கேட்பார் என்பதுதான் விசேஷம்.

வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுவது அவர் தொழில். ஒருநாள் அறுபது கேன்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வேனின் பின்பக்கம் மடாரென்றது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார், எழுந்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"பின் ஆக்ஸில் போயிடுச்சுண்ணே. முழுசா மாத்தணும்."

புதிதின் விலையைக் கேட்ட சல்லிசு அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒருவரிடம் அதே ஆக்ஸில் இருப்பதைக் கண்டுபிடித்தார். மூன்று நாள் போனிலேயே பேரம். மூன்றாம் நாள் அந்த மனிதர், "எடுத்துக்கிட்டுப் போங்க சார், என்னை விட்டாப் போதும்" என்று கும்பிடு போட்டார். உள்ளே இருந்த எண்ணெயை வடித்து, சாக்கு சுற்றித் தர ஏதோ கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். "அந்தச் சோலியே வேணாம், இருக்கிறபடியே கொடுங்க" என்று அதையும் மிச்சம் பிடித்தார் சல்லிசு.

இத்தனை சாமர்த்தியத்திலும் ஒன்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆக்ஸிலுக்குக் கால் கிடையாது.

பார்சல் அலுவலகத்தில் இருந்தவர் போனில் படத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நீண்டு, நடுவில் புடைத்து, ஆட்டை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி கிடந்தது அது.

"பெட்டியில போட்டிருக்கா?"

"இரும்புக்கு எதுக்குங்க பெட்டி? உடையவா போகுது?"

"அது உடையாது. பக்கத்துல இருக்கிறதை எல்லாம் உடைச்சிடும். எவ்வளவு நீளம்?"

"அஞ்சரை அடி. தொண்ணூறு கிலோ."

"நல்ல திடகாத்திரமான ஆளு மாதிரி இருக்கு. பஸ்ல ஒரு சீட்டு போட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க."

அவர் கிண்டல் செய்தார். சல்லிசு ஜன்னல் சீட்டா, நடு சீட்டா என்பதுவரை யோசித்துவிட்டார்.

லாரி புக்கிங் ஆபீசில் எடைக்கு மட்டுமல்ல, அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கூலி சொன்னார்கள். ஆக்ஸிலின் விலையைவிட அது அதிகம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாள் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்ப்பவள். கன்னம் வீங்கி வந்தவர்களோடு பேசிப் பேசி, எதிராளியின் பதிலை எதிர்பார்க்காமல் பேசப் பழகியவள். "நாலு நாளா வண்டி ஓடலை. வாடிக்கை பாதி போயாச்சு. கேட்டதைக் கொடுத்து வரவழைங்க."

அந்த நேரத்தில்தான் அவள் தம்பி போன் செய்தான். வங்கி அதிகாரி. இதே ஊருக்கு மாற்றல் கிடைத்திருக்கிறதாம். வீட்டுச் சாமானை ஏற்றிவர லாரிச் செலவு வங்கியுடையது. அவன் இப்போது இருப்பதோ ஆக்ஸில் கிடக்கும் அதே நகரம்.

சல்லிசுக்குப் பாசம் பொங்கிவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய வேனைப் பார்த்து, "மியூசியத்துல இருக்க வேண்டியதாச்சே, மாமா" என்று சொன்னதற்காக அவனோடு பேச்சை நிறுத்தியவர், மனைவியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"மாப்ளே! எப்படி இருக்கீங்க? உங்களைப் பார்க்காம எனக்கு இங்க இருப்பே கொள்ளலை."

"யாரு, மாமாவா?"

"நானேதான். அங்கே எனக்கு ஒரு சின்னச் சாமான் இருக்கு. கைக்கு அடக்கமானது. வரும்போது எடுத்துட்டு வரணுமே."

"அவ்வளவுதானே? என் பையிலயே போட்டுக்கறேன்."

"பையெல்லாம் எதுக்கு மாப்ளே? லாரியிலயே ஒரு ஓரமா வரட்டும்."

தம்பி நல்லவன். சொன்னபடி சனிக்கிழமை துணிப்பையோடு வண்டி உடைப்பவரிடம் போனான். அரை மணியில் போன் வந்தது. பின்னணியில் நாலு பேர் மூச்சிரைக்கும் சத்தம்.

"மாமா, இவங்க எதையோ மாத்திக் கொடுக்கறாங்க போலிருக்கு."

"நடுவுல உருண்டையா இருக்கா?"

"இருக்கு."

"அதேதான், அதேதான். பார்க்கத்தான் அப்படி இருக்கும்" என்று சொல்லி, மேற்கொண்டு கேள்வி வருமுன் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது வீட்டு வாசலில் லாரி நின்றது. சல்லிசு முதல் ஆளாக நின்றார். தம்பியின் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எந்த எண்ணில் என்ன என்று தனி நோட்டில் எழுதி வைத்திருப்பவள். லாரிக் கதவு திறந்தது.

ஆக்ஸில் கடைசியாக ஏறியதால், அட்டைப்பெட்டிகளுக்கும் சோபாவுக்கும் மேலே, இரட்டைக் கட்டில் மெத்தையில் ஒய்யாரமாகப் படுத்து வந்திருந்தது. வடிக்காத எண்ணெய் நானூறு கிலோமீட்டரும் சும்மா இருக்கவில்லை. மெத்தையை நனைத்து, சோபாவில் இறங்கி, பதினேழாம் எண் பெட்டிக்குள் புகுந்திருந்தது. டீச்சர் நோட்டைப் புரட்டினாள். பதினேழு: வெள்ளைத் துணிகள்.

"துவைச்சாப் போயிடும்மா" என்றார் சல்லிசு. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அண்ணா, கைக்கு அடக்கமா ஒரு சாமான் இருக்குன்னீங்களாமே. அது எதுன்னு காட்டுங்க, முதல்ல இறக்கிடலாம்" என்றாள்.

லாரி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தம்பி எதிர்வீட்டுக் கூரையை ஆராயத் தொடங்கினான்.

படுக்க இடமில்லாதவர்களை எங்கே விடுவது? சல்லிசு வீட்டுக்கே வந்தார்கள், பதினோரு நாள் இருந்தார்கள். முதல் இரண்டு நாள் சல்லிசு எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பிட்டார். மூன்றாம் நாள் தம்பி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு மியூசியம்னு சொன்னது தப்புதான் மாமா" என்றான். தப்பு செய்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, பாதிக்கப்பட்டவன் மன்னிப்புக் கேட்டான். சல்லிசு, "சும்மா சாப்பிடுங்க மாப்ளே" என்று மட்டும் சொல்லி, தண்ணீரை அவன் பக்கம் தள்ளி வைத்தார். அடுத்த அறையில் மனைவியும் டீச்சரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

ஆக்ஸில் மட்டும் அப்பழுக்கில்லாதது. மாட்டி முடித்த மெக்கானிக், "நல்ல சாமான்ணே. கூலியே இல்லாம கொண்டுவந்துட்டீங்களாமே, கெட்டிக்காரர்தான்" என்றார். சல்லிசு வண்டியைக் கிளப்பினார்.

வேன் சுமந்த முதல் சுமை தண்ணீர் கேன் அல்ல. மெத்தைக் கடையில் டீச்சர் தேர்ந்தெடுத்த மெத்தைக்கு அவர் வாய் திறந்து விலை குறைக்கக் கேட்கவில்லை, கடைக்காரரே பயந்துபோய், "உடம்பு சரியில்லையா அண்ணே?" என்று விசாரித்தார். வீட்டில் கொண்டுவந்து இறக்கத் தனிக்கூலி என்றார்கள்.

"எதுக்குங்க? அண்ணாகிட்ட வேன் இருக்கே" என்றாள் டீச்சர்.

அவள் வேனுக்குள் ஏறி, தரையை ஒரு விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூன்று அடுக்கு பிளாஸ்டிக் விரித்தாள். மெத்தையை ஏற்றக் கை நீட்டிய சல்லிசிடம் சோப்பை நீட்டினாள்.

"முதல்ல கை கழுவிட்டு வாங்கண்ணா."

அவர் கழுவிவிட்டு வந்தார். இரண்டு தடவை.