மேலிருந்து பார்த்த பேருந்து

எங்கள் துணி வடிவமைப்புக் கல்லூரியில் இறுதியாண்டுப் படைப்புக்கான தலைப்பை அறிவித்த அன்று வகுப்பே குஷியாகிவிட்டது. நான் மட்டும் திருதிருவென்று விழித்தேன். தலைப்பு, 'என் அன்றாடப் பயணம்'. தினமும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருகிற வழியைத் துணியில் கொண்டுவர வேண்டும். தைக்கலாம், நெய்யலாம், சாயம் போடலாம், எதையாவது வெட்டி ஒட்டித் தொலைக்கலாம். எல்லாவற்றையும் கண்காட்சியில் வைப்பார்கள். அதில் சிறந்ததைச் செய்தவருக்கு வெளியூரில் ஒரு துணி மில்லின் வடிவமைப்புக் கூடத்தில் ஓராண்டுப் பயிற்சி, விடுதி வசதியோடு.

வெளியூர் என்றதுமே எனக்கு உள்ளுக்குள் என்னமோ செய்தது. விடுதி என்றபோது அது கிடைக்காவிட்டால் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆனால் என் அன்றாடப் பயணத்தை வைத்துக்கொண்டு ஒரு கைக்குட்டையைக்கூட நிரப்ப முடியாது.

எங்கள் வீடு கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. எனக்கு இடம் கிடைத்த வாரமே, "பிள்ளைக்கு அலைச்சல் கூடாது" என்று சொல்லி அம்மா வீட்டையே மாற்றிவிட்டாள். படி இறங்க வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும், கல்லூரிக்குள் நுழைய வேண்டும். அவ்வளவுதான் என் பயணம். இரண்டாம் மாடி பால்கனியில் நின்று அம்மா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நான் உள்ளே போய்த் திரும்பிக் கையசைத்தால்தான் அவள் நகர்வாள். மறந்துவிட்டால் போன் வரும்.

சின்ன வயதில் பேருந்தில் ஒருமுறை வாந்தி எடுத்தேனாம். அன்றிலிருந்து நான் பேருந்துக்கு ஆகாதவள். எங்கே போவதென்றாலும் வாடகைக் கார், பக்கத்தில் அம்மா. அப்பாவைக் கேட்கலாம்தான். வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பா எங்களுக்கு போனில் மட்டும் இருப்பவர். எதைக் கேட்டாலும் "அம்மா சொல்றத கேளும்மா" என்று சொல்லிவிட்டு அங்கே வெயிலா மழையா என்று ஆரம்பித்துவிடுவார்.

பயிற்சியைப் பற்றி அன்றே அம்மாவிடம் மெல்லப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவள் அம்மா. எதற்கும் படிப்படியாக நிரூபணம் வேண்டும்.

"தனியா ஒரு பஸ் ஏறி இறங்கியிருக்கியா நீ?"

"இல்ல."

"ஒரு பஸ்கூட ஏறத் தெரியாதவ வெளியூர்ல ஒரு வருஷம் எப்படி இருப்ப? ஏறத் தெரிஞ்சப்புறம் பேசு." ஏற விட்டால்தானே தெரியும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த டியூஷன் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இருப்பதை வைத்து ஒன்று செய்தேன். காடாத் துணியின் ஒரு ஓரத்தில் பால்கனி, மறு ஓரத்தில் கல்லூரி வாசல், நடுவே சாம்பல் நிறச் சாலை. பால்கனியிலிருந்து என் முதுகுக்கு ஒற்றைச் சிவப்பு நூல். எனக்கென்னவோ அது பிடித்திருந்தது. எங்கள் வழிகாட்டி ஆசிரியை அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் 'ஆழம் இல்லையே' என்பார் என்பதால் அவருக்கு ஆழம் மேடம் என்றே பெயர்.

"பயணம் எங்கம்மா இருக்கு இதுல? வலி எங்க? நெரிசல் எங்க? ரோட்ட தாண்டுறதெல்லாம் ஒரு பயணமா? இதுல ஆழமே இல்லையே." அந்தச் சாலையை ஒருநாள் தனியாகத் தாண்டிப் போய்விட நான் எவ்வளவு ஏங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. துணியை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பயணம் கொட்டிக்கிடந்தது என் தோழியிடம். இரண்டு பேருந்து மாறி, பாதி நேரம் நின்றுகொண்டே வருபவள். வந்ததும் முதல் வகுப்பில் தலையைக் கவிழ்த்துவிடுவாள். தூங்குமூஞ்சி என்றால் கல்லூரிக்கே தெரியும். அவளிடம் போய்க் கடன் கேட்பது போலக் கேட்டேன், "உன் பஸ்ஸ எனக்குச் சொல்லேன்" என்று.

"எடுத்துக்கோடி. அந்த பஸ்ஸையே எடுத்துக்கோ. நான் வீட்ல தூங்குறேன்" என்றாள். பிறகு சொன்னாள். கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப் போவது, மழை நாளில் எல்லோர் குடையும் ஒருத்தி பாதத்தில் மட்டும் சொட்டுவது. உட்கார இடம் கிடைத்த ஒருநாள் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாளாம். விழித்துப் பார்த்தால் அந்த மனிதர், இவளை எழுப்ப மனமில்லாமல், தான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்திருந்தாராம். "மூஞ்சியக்கூடப் பாக்கல. கட்டம் போட்ட சட்டை. அவ்வளவுதான் ஞாபகம்."

அதைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. தையற்கடையில் கட்டம் போட்ட ஒட்டுத்துணி வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். பேருந்துக்குள் எது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த பேருந்தெல்லாம் பால்கனிக்குக் கீழே போகிற பேருந்துதான். அதன் கூரை தெரியும், கூரையில் தேங்கிய மழைத்தண்ணீர் தெரியும், நிறுத்தத்தில் காத்து நிற்பவர்களின் உச்சந்தலைகள் தெரியும். ஆகவே கூரையைக் கழற்றிவிட்டு அந்தத் தலைகளைத் தூக்கி உள்ளே வைத்தேன். சுருட்டை முடிக்கு முடிச்சுத் தையல், பின்னலுக்குச் சங்கிலித் தையல், வழுக்கைக்கு வழவழவென்று சாட்டின் துண்டு. நடுவில் ஒரு பெண் தலை, கட்டம் போட்ட தோளில் சாய்ந்தபடி.

தூங்குமூஞ்சி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பஸ்ல வர்ற எவளுக்குடி மத்தவங்க உச்சந்தலை தெரியும்? எனக்குத் தெரியறதெல்லாம் அக்குள்தான்."

ஆனால் ஆழம் மேடம் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். நெரிசலில் சிக்கிய உடம்பை விட்டு உயிர் மேலெழுந்து தன்னைத்தானே பார்க்கிறதாம். நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "மேடம், எங்க வீடு எதிர்லதான..." அதற்குமேல் அவர் விடவில்லை.

"வீடு எங்க இருக்குங்கறது முக்கியமில்லம்மா. மொதல்ல நீ காட்டினது மூடி மறைச்சது. இப்பதான் உண்மை வெளிய வந்திருக்கு." என் உண்மை இப்படித்தான் பொய்யானது. என் பொய்க்கு மேடமே கையெழுத்துப் போட்டு, கண்காட்சியில் நடு இடமும் கொடுத்தார்.

தூங்குமூஞ்சி தன் பங்குக்கு ஒரு மெத்தை தைத்திருந்தாள். கருநீலம், மேலே ஒன்றுமே இல்லை. நின்றாலும் உட்கார்ந்தாலும் வழி முழுக்கத் தூங்குவதால் அவள் பார்ப்பது அதைத்தானாம். ஆழம் மேடம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே தினமும் பயணம் செய்பவர்கள் கொஞ்சமாவது கவனித்துப் பார்க்கக் கூடாதா என்று அலுத்துக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளோ கதவோரத்தில் கிடைத்த இடத்தில் மெத்தையை மாட்டிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஓரம் மடித்துத் தைக்கத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா அதைக் கட்டிலில் விரித்துப் போட்டு நின்றிருந்தாள்.

"யாருடி இந்தக் கட்டம் போட்ட சட்டை?"

துணியை மடிக்கப் போனேன். "யாருமில்லம்மா. தையற்கடைத் துணி."

"சட்டைய கேக்கல. சட்டைக்குள்ள இருக்கறவன கேக்கறேன்."

"சும்மா கற்பனைம்மா."

"யாருக்குக் காது குத்துற? தூங்குறவள எழுப்பாம ஒருத்தன் தோளக் குடுத்துட்டு உக்காந்திருக்கான். இதெல்லாம் உக்காந்த இடத்துல தோணுமா?" அம்மா கரும்பலகைக்கு எதிரே நிற்பவள் போல விரலை மடக்க ஆரம்பித்தாள். "முன் கேட் வழியா உள்ள போற, நான் பாக்கறேன். காலேஜுக்குப் பின் கேட் ஒண்ணு இருக்கு, அத நான் பாக்கல. பின்னாடி ரோட்ல பஸ் நிக்குது. ஆகவே?" ஆகவே என்னவென்று கணக்குத் தெரியாத எனக்கே புரிந்தது. நூல் பிசகாத நிரூபணம். ஆரம்பம் ஒன்றுதான் தப்பு.

தோழியின் கதை என்று சத்தியம் செய்து பார்த்தேன். தோழியின் கதைக்கு நீ ஏன் இவ்வளவு பாடுபட்டாய் என்றாள். அந்த வெளியூர் பயிற்சிக்காக என்று சொன்னால் இன்னும் வம்பு. அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று ஆழம் மேடத்துக்கே போன் போட்டாள். போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது ஒரே வாக்கியம்: "உங்க பொண்ணு அந்தப் பயணத்த வாழ்ந்திருக்காங்க!"

அம்மா போனை வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளும் என்னோடு சாலையைக் கடந்து கண்காட்சிக்கு வந்தாள். துணிகளை அவள் பார்க்கவில்லை. வந்திருந்த ஆண்களின் சட்டைகளையே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்றைக்கென்று மின்சாரம் பார்க்க வந்த ஆள் கட்டம் போட்ட சட்டையில் வந்து தொலைத்தார். அவர் ஏணியில் ஏறி இறங்கும்வரை அம்மா அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

மில்லிலிருந்து வந்திருந்த நடுவர் வெள்ளைத் தலைமுடியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்தார். என் துணிக்கு எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பினார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அம்மா.

"தினமும் இப்படித்தான் வர்றியாம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. இல்லை என்றால் அம்மா பிழைப்பாள், பயிற்சி போய்விடும். ஆமாம் என்றால் பயிற்சி கிடைக்கும், அம்மா என்னை வீட்டை விட்டே அனுப்பமாட்டாள். எப்படிப் பார்த்தாலும் நான் எங்கேயும் போகப் போவதில்லை. போகாமல் இருப்பதுதான் விதி என்றால், ஜெயித்துவிட்டாவது இருக்கலாமே என்று தோன்றியது.

"ஆமா" என்றேன்.

முதலிடம் எனக்கு என்று அறிவித்தபோது தூங்குமூஞ்சிதான் எல்லோரையும்விட பலமாகக் கைதட்டினாள். பரிசைக் கையில் வாங்கும்போது எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா கூட்டத்தில் எங்கோ பின்னால் இருந்தாள்.

அவளும் நானும் சாலையைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தினதும் அம்மா தண்ணீர் குடித்தாள். இனிமேல் கல்லூரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நான் சொன்னது பொய். சத்தியமா நான் தனியா எந்த பஸ்லயும் ஏறினதில்ல. பின் கேட் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

"எத்தன பேர் முன்னாடி ஆமான்னு சொன்ன. இப்ப இல்லங்கற. எது பொய்?"

"அங்க சொன்னதுதான்."

"அந்தத் துணி பொய் சொல்லலயே." நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை, யோசித்தாள். "ராத்திரி பூரா யோசிச்சேன். ஒரு பஸ்கூட ஏறத் தெரியாதுன்னுதான உன்ன அனுப்பமாட்டேன்னேன்? நீ என்னடான்னா இத்தன வருஷமா நெரிசல்ல ஏறி, இறங்கி, தூங்கி, ஒரு கீறல் இல்லாம வீட்டுக்கு வந்திருக்க. நான் பால்கனில நின்னு என்னத்தக் காவல் காத்தேன்னே தெரியல."

"அம்மா..."

"அந்தச் சட்டைக்காரன்கூட நல்லவனாத்தான் இருக்கணும். எழுப்பாம விட்டிருக்கானே. போயிட்டு வா. நான் தடுக்கல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. அதுவும் அம்மா வாயால், முழு நிரூபணத்தோடு. அவளைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, தப்பு முதல் வரியிலேயே இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டும் போலவும் இருந்தது. காட்டினால் விடை மாறிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும் நாள் வரை அம்மா உற்சாகமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் போகப் போக உதறல் எடுத்தது. அப்பாவிடம் போனில் அவள் சொன்னது கேட்டது: "நாமதான் அவள பச்சப்புள்ளன்னு நெனச்சிட்டிருந்தோம். பயங்கர கெட்டிக்காரிங்க உங்க பொண்ணு." நிலையத்துக்குப் போகக் கார் வைக்கலாமா என்று நானே கேட்டேன். அம்மாதான் சிரித்துக்கொண்டே வைத்தாள், பெட்டி கனமாக இருக்கிறதே என்று.

பேருந்து நிலையத்தில் வரிசையாக நின்ற வண்டிகள் ஒவ்வொன்றும் வீட்டு உயரம் இருந்தன. கீழிருந்து பார்த்தால் பேருந்து இவ்வளவு பெரிசா என்று மலைத்துப்போய் நின்றேன். இரைச்சலில் என் பெயரையே யாரோ கத்துவது போல் இருந்தது. அம்மா பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"உனக்குச் சொல்லவா வேணும். நான் கிளம்பறேன், டியூஷன் பசங்க வந்திருப்பாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வண்டி எடுக்கற வரைக்கும் இரும்மா. எனக்குப் பயமா இருக்கு."

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அவ்வளவு பெருமை அதில். "இத்தன வருஷம் என் கண்ணுல மண்ணத் தூவிட்டு ஊர் சுத்தினவளுக்கு இப்ப பயமாம்! நடிக்காதடி."

கன்னத்தைத் தட்டிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் போயே போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை நம்பினது அன்றைக்குத்தான். பேருந்துக்கு முன்னால் ஒரு கதவு இருந்தது, பின்னால் ஒரு கதவு இருந்தது. எதில் ஏற வேண்டும் என்று யாரைக் கேட்பதென்று தெரியாமல், பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.