கொடிக்கயிற்றில் எடுத்த அளவு

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், பார்சல் அலுவலகத்தை ஒட்டினாற்போல, தொலைந்த பொருள்களை வைக்கும் அறை ஒன்று இருந்தது. பயணிகள் விட்டுவிட்டுப் போனதையெல்லாம் வாங்கி, தேதிச் சீட்டு கட்டி, அடுக்கி வைப்பதுதான் அங்கே இருந்த அம்மாளுக்குப் பதினெட்டு வருட வேலை. குடையைத் தேடி ஆள் வரும். சாப்பாட்டு டப்பாவைத் தேடிக்கூட மூச்சிரைக்க ஓடி வருவார்கள். கையால் பின்னிய மப்ளருக்கும் குல்லாவுக்கும் மட்டும் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. மூன்று மாதம் பார்த்துவிட்டு மூட்டை கட்டி அனுப்பிவிட வேண்டியதுதான்.

ஆள் வராத நேரமெல்லாம் அதே அறையில் உட்கார்ந்து பின்னுகிறவளுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியுமா, எரியாதா? அதனால் அம்மாள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தொலைத்தால் தேடி வருகிற ஆளுக்கு மட்டும்தான் இனி இந்தக் கை பின்னும்.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அந்த வருடத்துக்கான இலக்கை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். ஸ்வெட்டர் ஒன்று, காலுறை இரண்டு ஜோடி, குல்லா நான்கு. மணிக்கட்டு அதற்கு மேல் தாங்காது. பக்கத்திலேயே யார் யாருக்கு என்பதும் இருக்கும். அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவளுடைய தம்பி மப்ளரைப் பேருந்திலேயே விட்டான். அது நேராக அக்காவின் அறைக்கே வந்து சேர, அவளே அதற்குச் சீட்டு கட்டி மூன்று மாதம் காத்திருந்தாள். தம்பி வரவில்லை, பெயர் போயிற்று. நாத்தனார் சால்வையை மடித்து இஸ்திரி மேசையில் விரித்தாள், அவள் பெயரும் போயிற்று.

மருமகள் பெயர் மட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

மகனைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை. தங்கமான பெண்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் "உங்க இஷ்டம் அத்தை", "எதுவா இருந்தாலும் சரி அத்தை". சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தாலும் "நல்லா இருக்கு அத்தை". கோபமாவது வருமா என்று அம்மாள் ஒருமுறை வேண்டுமென்றே அவளுடைய டம்ளரில் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அவள் வேறு டம்ளர் எடுத்துக்கொண்டாள். பேருந்துக்காகப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் மாதிரி இரண்டு வருடம் மரியாதையாகக் கழிந்துவிட்டது.

இவளுக்குப் பின்னிக் கொடுத்தால் என்ன ஆகும்? "நல்லா இருக்கு அத்தை" என்பாள், பீரோவில் வைத்துவிடுவாள். பிடித்ததா, பிடிக்கவில்லையா, கடைசிவரை தெரியாது. அம்மாளுக்கு ஸ்வெட்டர்கூடப் பெரிதில்லை. இந்தப் பெண்ணுக்கு இந்த வீடு வேண்டுமா, சும்மா ஒப்புக்கு இருக்கிறாளா என்பதுதான் மனதைப் போட்டு அரித்தது. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா அது!

இந்த வருடம் துணிந்துவிட்டாள். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் 'ஸ்வெட்டர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். யாருக்கு என்று கணவர் கேட்டபோது, "பார்க்கலாம்" என்றாள்.

அளவு வேண்டுமே. கேட்டால், "எனக்கு எதுக்கு அத்தை, மாமாவுக்குப் பின்னுங்க" என்று வரும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போய், கொடியில் காய்ந்த, மருமகள் போடுகிற காப்பிக்கலர் சட்டையை உருவி, முந்தானைக்குள் மறைத்துக் கீழே கொண்டுவந்து, கட்டிலில் விரித்துச் சாண் போட்டாள். அகலம் மூன்று சாணுக்கு இரண்டு விரல் குறைவு. 'பார்த்தால் குச்சி மாதிரி இருக்கிறாளே' என்று ஒரு கணம் தோன்றியது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொளதொளவென்றுதானே போடுகிறார்கள்' என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கடுகு மஞ்சள் கம்பளி நூல். எட்டு மாதம். கழுத்துப் பட்டியை மட்டும் மூன்று முறை பிரித்துப் போட்டாள். வீட்டில் இருக்கும் நேரத்தில் பின்னலும் நூல்கண்டுகளும் அரிசி டிரம்முக்குப் பின்னால் பதுங்கியிருந்தன.

குளிர் தொடங்கிய முதல் ஞாயிறு காலை, பொட்டலத்தை மருமகள் கையில் கொடுத்தாள். "போட்டுப் பாரும்மா" என்றாள்.

போட்டாள். தோள் முழங்கைக்கு இறங்கியது. விரல்கள் ஸ்வெட்டர் கைக்குள் காணாமல் போயின. கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார், தாள் குலுங்கியது.

"இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கும்மா" என்றான் மகன்.

மருமகள் கீழே குனிந்து ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நல்லா இருக்கு அத்தை."

எதற்கு எட்டு மாதம் பயந்தாளோ அதே வார்த்தை. அம்மாளுக்கு எல்லாமே விட்டுப் போயிற்று. "கழட்டிடும்மா. பிரிச்சுடறேன்" என்று வாங்கி நாற்காலியில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்தார். மோட்டார் போடச் சொல்ல வந்தவர், நாற்காலியைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்தார். "ஐயோ, என்ன கலரு! போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்கும்போதே தலை உள்ளே போய்விட்டது.

அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. தோள் தோளில், கை மணிக்கட்டில்.

"எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே!"

அம்மாளுக்கு ஏதோ பொறி தட்டியது. "டீச்சர், உங்ககிட்ட காப்பிக்கலர்ல சட்டை ஏதாவது இருக்கா?"

"இருக்கே. தெருமுனைக் கடையில தள்ளுபடி போட்டப்போ நானும் உங்க மருமகளும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். ஏன்? ஒரு நாள் கொடியில காணாம தேடு தேடுன்னு தேடினேன். அப்புறம் பார்த்தா அங்கேயே தொங்குது. எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்!"

அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிரித்தால் எட்டு மாத உழைப்பு பாழ். பொருந்துகிற ஆளோ எதிரில் நிற்கிறார். அம்மாளுக்கு அலுத்துவிட்டது. "நீங்களே வச்சுக்குங்க டீச்சர். இவளுக்கு வேற பின்னிக் குடுக்கறேன்" என்றாள்.

டீச்சர் வாசல்படியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கழட்டுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மருமகள்தான். முகம் சிவந்திருந்தது.

"அது எனக்குப் பின்னினது. கழட்டுங்க டீச்சர்."

"ஏம்மா, உனக்குத்தான் பெருசா..."

"பெருசா இருந்தா என்ன? என்னுது!" குரல் சமையலறைப் பாத்திரங்கள் வரை எட்டியது. மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க அத்தை? ரெண்டு வருஷமா ஜனவரி ஒண்ணாம் தேதி நீங்க தூங்கப் போனதும் வந்து அந்தத் தாளைப் படிக்கறேன். உங்க ஆபீஸ் வாட்ச்மேன் பேருகூட இருக்கும். என் பேரு இருக்காது. இந்த வருஷம் வெறும் கோடு. அரிசி எடுக்கறப்ப மஞ்சள் நூலைப் பார்த்தேன். தினமும் எடுத்துப் பார்ப்பேன், எத்தனை வரிசை ஏறியிருக்குன்னு. எனக்கா இருக்குமோ, இருக்காதோன்னு எட்டு மாசம்... இப்ப கையில குடுத்துட்டுப் பிடுங்கறீங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. டீச்சர் கழற்றி நீட்டினார். அவள் வெடுக்கென்று வாங்கி அப்படியே தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் விரல்கள் காணாமல் போயின.

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மாள் அவனைக் கையமர்த்தினாள். அவளுக்குக் கண் நிறைந்து, சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டு வருடத்தில் இந்த வீட்டில் தன்னை ஒருத்தி அதட்டியது இதுதான் முதல் தடவை. என்ன சுகமாக இருந்தது அது!

"சரி, அந்தக் கையை மட்டுமாவது பிரிச்சுச் சின்னதாக்கித் தரேன்" என்றாள்.

"கை மட்டும். வேற எதையும் தொடக் கூடாது. நாளைக்கே வேணும்."

"நாளைக்கு எப்படிடி முடியும்? எனக்கென்ன பத்துக் கையா?"

"அப்ப செவ்வாய்க்கிழமை."

டீச்சர் இன்னும் வாசலிலேயே தயங்கி நின்றார். "அடுத்த வருஷமாவது எனக்கு ஒண்ணு..." என்று இழுத்தார்.

அம்மாள் மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "ஒரு குல்லா வேணா பின்னித் தரோம்" என்றாள்.