அண்ணன் காலாட்டிய ஞாயிறு

வீட்டில் எல்லோரும் அண்ணனை 'மோட்டார்' என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. அங்கே கை அசங்காது. நாற்காலியில் கால் அடங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது, தங்கை கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். விழித்திரையைப் போலவே வேலை செய்யும் ஒரு புரோகிராமை ஆய்வுக்கூடத்துக்காக எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குப் பின்புறம் இருக்கும் அந்த மெல்லிய திரையில் எந்த செல் எப்போது மூளைக்குச் சேதி சொல்லும் என்பதையெல்லாம் கணக்காக மாற்றியிருந்தாள். மேஜையில் பொருத்திய கேமரா எதிர் அலமாரியிலிருந்த கோப்பையைப் பார்க்கும். புரோகிராம் அதை வரையும். அழகாகத்தான் வரைந்தது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே கோப்பை கரைந்து, திரை வெறும் சாம்பலாகிவிடும்.

"என்னம்மா, மூஞ்சி தொங்குது?"

"பேசாம உக்காரு. எங்க தப்புன்னே தெரியல. நாளைக்கு மேடத்துக்குக் காட்டணும்."

உட்கார்ந்தான். கால் ஆடியது. மேஜையும் அதிலிருந்த கேமராவும் அதிர்ந்தன.

"அண்ணா, ஆட்டாத!"

நிறுத்தினான். அப்போதுதான் அவள் கவனித்தாள்: திரையில் திரும்பி வந்திருந்த கோப்பை மறுபடி கரைந்துகொண்டிருந்தது.

"ஆட்டு!"

"என்னது?"

"காலை ஆட்டுன்னா!"

ஆட்டினான். கோப்பை வந்தது. நிறுத்தினான். போனது.

"பொறந்ததிலேர்ந்து இதுக்குத் திட்டுதான் வாங்கியிருக்கேன். இப்பதான் ஒருத்தி கேட்டு வாங்குறா," என்றான்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாற்றம் இருந்தால்தான் அந்த செல்கள் வாய் திறக்கும். அதனால்தான் நாம் உற்றுப் பார்க்கும்போதுகூட, நமக்கே தெரியாமல் கண் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. படித்த பாடம்தான். செல்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தவள், நடுக்கத்தைச் சேர்ப்பதில் கோட்டைவிட்டிருந்தாள்.

உடனே சேர்த்தாள். முதலில் கோப்பை நாலைந்தாகக் குழம்பியது.

"இது என்னைவிட மோசமா ஆடுதே!"

குறைத்தாள். இன்னும் குறைத்தாள். அண்ணன் தன் காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருக்க, கோப்பை திரையில் அப்படியே நின்றது. இருவரும் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், படம் கரையாமல் நின்றதை மேடம் நம்பவில்லை. "போன வாரம் கரைஞ்சுபோச்சே, என்ன பண்ணின?"

"எங்க அண்ணன் காலாட்டினான், மேடம்."

முழுக் கதையையும் கேட்டு மேடம் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். நிறுத்திவைத்த சைக்கிள்களும் கம்பியில் அசையாமல் இருந்த புறாவும் கோடுகோடாகத் திரையில் எழுந்து நின்றன.