பிரேக் வேனில் மாமாவின் சைக்கிள்

மனிதகுலம் கவலையிலிருந்து விடுபடும் வழியைப் பத்தொன்பது வயதிலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். ஒப்படைத்த பொருளைத் திரும்பப் போய்ப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

என்னோடு ரயிலில் வந்த நண்பன் மதன் இதை ஏற்கவில்லை. மைசூர் நண்பர்களோடு குண்டலுபேட்டை வழியாக ஊட்டி வரை மிதிப்பதாகத் திட்டம். பெங்களூரில் எங்கள் சைக்கிள்களை ரயிலின் கடைசியில் சரக்கு ஏற்றும் பிரேக் வேனில் ஏற்றியிருந்தோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவன் கடைசிப் பெட்டி வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னடா, உன் சைக்கிள் சாப்பிட்டுச்சா? தூங்குதா?"

"சிரி குரு, சிரி. உன்னது உங்க மாமாவோடது, ஞாபகம் இருக்கட்டும்."

அக்கா ஒரு வாரம் கெஞ்சித்தான் மாமா அதைக் கொடுத்திருந்தார்.

மத்தூரில் மதன் வடை வாங்கப் போனான். ஜன்னல் வழியே பார்த்தால், ஒருவர் நீலச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிளாட்பாரத்தில் போகிறார். மாமாவுடையதும் நீலம். செருப்பில்லாமல் ஓடினேன்.

"சார், அது என் சைக்கிள்!"

அவர் கேரியரில் கட்டியிருந்த பால் கேனைக் காட்டினார். மாமாவின் சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது. பிரேக் வேனுக்கு ஓடினேன். பூக்கூடைகளுக்கு நடுவே மாமாவின் சைக்கிள் மதனுடையதன் மேல் சாய்ந்து நின்றது. எனக்கு மூச்சு வந்தது. எங்கள் பெட்டிக்குத் திரும்பியபோது மதன் வடையோடு உட்கார்ந்திருந்தான்.

"செருப்புகூட போடாம எங்க போனே குரு?"

"காத்து வாங்க."

மைசூரில் இரண்டும் பத்திரமாக இறங்கின. ஓட்டல் வாசலில் அவற்றைப் பூட்டிவிட்டு, நண்பர்களோடு உள்ளே உட்கார்ந்தோம். மதன் நிம்மதியாக மசால் தோசை தின்றான். கை கழுவ வேண்டும் என்று மூன்றாவது முறையாக எழுந்தேன். குழாய் உள்ளே இருந்தது. நான் வாசலுக்குப் போனேன்.