திரும்பி வராத பில்

பெரிய துணிக்கடையொன்றில், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவரும் சரக்கைச் சோதிக்கும் மேசைக்குப் பின்னால் பல்லாண்டு நின்றவளுக்கு, உடன் வேலை செய்தோர் இட்ட பெயர் பூதக்கண்ணாடி. சாயம் போனதென்று ஒருவர் சட்டையை நீட்டினால், அவள் சட்டையைப் பார்ப்பதில்லை. நீட்டியவரின் முகத்தைத்தான் பார்ப்பாள். தடுமாறுகிறவர் மெய் சொல்கிறார், மனப்பாடமாக ஒப்பிக்கிறவர் பொய் சொல்கிறார் என்பது அவள் கண்ட சூத்திரம்.

அந்த மேசையையே எடுத்துவிடப் போவதாக முதலாளி அறிவித்தபின், மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பெற்றுத் தரும் மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் படிப்பதென்று தீர்மானித்தாள். கணவனின் வேலையும் ஆட்டம் கண்டிருந்தது. ஒரு படிப்பின் செலவைத்தான் வீடு தாங்கும். அது சொத்தையாகப் போனால் வேறொன்றுக்கு வழியில்லை. ஆகவே ஆழம் பாராமல் காலை விடுவதில்லை என்று கிளம்பினாள்.

துணைக்கு வந்த நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, நீங்க தேடுறது நல்ல இடமா, திருடனா?"

"ரெண்டும் ஒரே தெருவுலதான் இருக்கும். பேசாம வா."

முதல் பயிற்சி நிலையம் கண்ணாடிக் கதவும் குளிர்ந்த அறையுமாய்ப் பளபளத்தது. "படிச்சு முடிச்ச அன்னைக்கே வேலை மேடம்" என்றார் வரவேற்பாளர். அதற்குச் சாட்சியாக ஒரு பழைய மாணவரையும் அழைத்து வந்தார்.

"உங்களுக்கு இதுல எது கஷ்டமா இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

"எதுவுமே கஷ்டமில்லை மேடம். பயிற்சி அருமை, எதிர்காலம் அருமை."

"அனுப்பின பில்லைக் காப்பீட்டுக்காரங்க ஏத்துக்காம திருப்பி அனுப்பினா?"

அவர் வரவேற்பாளரின் முகத்தைப் பார்த்தார். "நம்ம பில்லு திரும்பி வராது மேடம்."

திரும்பி வராத சரக்கென்று ஒன்று உலகத்தில் இல்லை என்பதை அவளைவிட அறிந்தவர் யார்? வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பும் வயதும் கடந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவது இடம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. பயிற்சி தரும் அம்மாள் எடுத்த எடுப்பிலேயே, "சில நாள் சும்மா வந்து உட்காருங்க. ஒத்து வரலைன்னா போயிடுங்க" என்றார்.

"சும்மாவாம்! நம்மகிட்ட ஓசியில வேலை வாங்கப் பாக்குறாங்க" என்று அவள் நாத்தனாரின் காதைக் கடித்தாள்.

மூலையில் ஒரு முன்னாள் மாணவி அமர்ந்திருந்தாள். அவளிடமும் அதே கேள்வியைப் போட்டாள்.

"கஷ்டமா? முதல் மாசம்... பாத்ரூம்ல போய் அழுதேன்க்கா. வேலை தேடினப்பவும் நாலு இடத்துல வேண்டாம்னுட்டாங்க. இப்ப கூட, திரும்பி வந்த பில் ஒண்ணு புரியலை, அதான் மேடத்தைக் கேக்க வந்தேன்."

தடுமாறுவதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்களோ என்று அவள் ஐயுற்றாள்.

அதற்குள் அம்மாள், நோயாளியின் பெயரை மறைத்த ஒரு பில்லை அவள் முன் வைத்தார். "இது ஏன் திரும்பி வந்துச்சு, சொல்லுங்க."

வலி வலது முழங்காலில். எக்ஸ்ரே எடுத்ததோ இடது முழங்காலில் என்றிருந்தது. அவள் கண் மின்னிற்று. "இந்த ஆளு ஏமாத்துறாரு! காலை மாத்திச் சொல்லிப் பணம் பறிக்கப் பாக்குறாரு."

"போலீஸைக் கூப்பிடவா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை.

"இடத்தைச் சரியாப் பிடிச்சீங்க, ஆளைத்தான் தப்பாப் பிடிச்சீங்க. பில் போட்டவங்க காலை மாத்திட்டாங்க. அதைத் திருத்தலைன்னா செலவு பூரா காலு வலிக்கிறவரு தலையில விழும். இங்க ஆளைச் சந்தேகப்படாதீங்க, எழுதினதைச் சந்தேகப்படுங்க."

"எந்தக் காலுன்னு எப்படித் தெரியும்?"

"டாக்டர் குறிப்பைப் பாக்கணும்."

"அதுவும் தப்பா இருந்தா?"

அம்மாள் முதன்முறையாகப் புன்னகைத்தார். "அவரையே கேக்கணும். நாமளா ஊகிக்கக் கூடாது."

கீழே இறங்கும்போது அவள் கையில் சேர்க்கைப் படிவம் இருந்தது.

"என்ன அண்ணி, திருடன் அகப்படலையா?"

"இரு. எழுதினதைச் சந்தேகப்படணும்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க." படிக்கட்டின் நடுவிலேயே நின்று, வருவோர் போவோர் ஒதுங்கிச் செல்ல, வரிவரியாகப் படித்தாள். கடைசியில், 'வேலை கிடைக்குமென்று உறுதி கூற இயலாது. தேடுவதற்கு உதவுவோம்' என்றிருந்தது. அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

"பேனா வச்சிருக்கியா?" என்றாள்.