பிணத்துக்கு வசனம் கிடையாது

கிட்டார் வாங்கினேன்; விரல்தான் கிழிந்தது. நீச்சல் பழகப் போனேன். பாதிக் குளத்தைக் குடித்துவிட்டுக் கரையேறினேன். கேக் வகுப்பில் நான் செய்த கேக்கைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தார்கள். ஏதாவது ஒன்றில் யாராவது ஒருத்தர் 'பரவாயில்லையே' என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அப்பா வைத்த பெயர் தண்டம்.

அடுத்து நாடகக் குழு. இயக்குநர், பகலில் பல் டாக்டர். நான் வசனம் படித்ததைக் கேட்டு அவருக்கே பல் வலித்திருக்க வேண்டும்.

"தம்பி, நீ பொணமா படுத்துக்கோ."

படுத்தேன். ஓர் ஈ மூக்கில் உட்கார்ந்து குடும்பமே நடத்தியது, நான் அசையவில்லை. டாக்டர் அசந்துவிட்டார்.

"பிரமாதம்டா. எங்க கத்துக்கிட்ட?"

வீட்டில்தான். குடித்துவிட்டு வரும் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், நானும் அக்காவும் படுத்த இடத்திலேயே செத்துவிடுவோம். தூங்குகிற பிள்ளைகளை அவர் அடிக்க மாட்டார்.

"அதுவா வருது சார்" என்றேன்.

"இதை ஒழுங்கா பண்ணு, அடுத்த நாடகத்துல வசனம் தர்றேன்."

அரங்கேற்றத்தன்று அக்கா முதல் வரிசையில் இருந்தாள். பிணத்தின் அப்பாவாக நடித்தவர் ஒரு பஸ் டிரைவர். அழ வேண்டிய இடத்தில் வசனம் மறந்துபோய், வாய்க்கு வந்ததை அள்ளி விட்டார்:

"இருந்தப்பவும் தண்டம், செத்தும் தண்டம்."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"யாருப்பா தண்டம்?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் பிரேக் அடித்த மாதிரி நின்றார்.

"டேய், நீ செத்துட்டடா. படு" என்று கிசுகிசுத்தார்.

"படுக்க மாட்டேன்."

அரங்கமே சிரித்தது. திரையை இறக்கிவிட்டார்கள்.

"பொணம் பேசுமாடா?" என்றார் டாக்டர்.

"திட்டினா பேசும் சார்."

"வசனமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கெளம்பு."

வழக்கமாக இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கு மறந்துவிட்டது. மூஞ்சியில் இருந்த பவுடரைத் துடைக்க ஒரு துணி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே அக்கா நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்னக்கா, ரொம்ப கேவலமா இருந்துச்சா?"

"நீ எழுந்ததும் நானும் எழுந்து நின்னுட்டேன்டா. மறைக்குது, உக்காரும்மான்னு பின்னாடி ஒருத்தர் ஒரே கத்து."

"உக்காந்தியா?"

"போய்யான்னுட்டேன்."