நாலாம் நம்பருக்குப் பதக்கம்

போன் வந்தபோது ஹோரஸ் பிராட்னாக்ஸ் ஒரு கணம் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

கல்லூரிச் சகோதரர் சங்கத்தின் இப்போதைய தலைவன் டேரியன் பேசினான். பையனுக்கு இருபது வயது இருக்கும். "பிரதர் பிராட்னாக்ஸ், வணக்கம் ஐயா. இந்த வருஷம் பழையவங்க எல்லாரும் கூடுற ஹோம்கமிங் விருந்துல நம்ம கிளையோட சிறந்த பழைய மாணவரை கௌரவிக்கப் போறோம். பேரு முடிவாயிடுச்சு."

ஹோரஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்கெதுக்குப்பா இதெல்லாம் என்று ஆரம்பிக்கலாமா, நேராக நன்றி சொல்லிவிடலாமா என்று யோசித்தார்.

"பிரதர் பெட்வேதான் ஐயா. அவரை மேடையில அறிமுகம் பண்ண உங்களைவிட்டா வேற யாரு?"

"ஆமா," என்றார் ஹோரஸ். "வேற யாரு."

லெமுவேல் பெட்வேயும் அவரும் அறுபத்துமூன்றாம் வருடம் வசந்தத்தில் ஒரே வரிசையில் சங்கத்தில் சேர்ந்தவர்கள். ஆறு பேரை உயரப்படி நிறுத்தி நம்பர் கொடுத்தார்கள். ஹோரஸ் மூன்று, லெமுவேல் நாலு. மற்ற நான்கு பேரையும் புதைத்தாயிற்று. லெமுவேல் வக்கீலாகி, பிறகு நீதிபதியாகி, அலபாமா முழுக்கப் பேர் வாங்கினார். ஹோரஸ் மாண்ட்கோமரியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பாண்டு வாத்தியார். அவரிடம் டிரம்பட் பிடித்த பிள்ளைகள் இன்று ஊரெல்லாம் இருக்கிறார்கள். பாண்டு வாத்தியாருக்கு யார் பதக்கம் போடுவார்கள்?

அறிமுக உரையை இரண்டு பக்கம் எழுதினார். நீதிபதிக்குத் தாளம் வராது, சங்கத்து ஆட்டத்தில் எல்லோரும் இடது காலைத் தட்டும்போது அவர் மட்டும் வலது காலைத் தட்டுவார் என்பது முதல் பத்தி. சிரிப்பு வரும். கொஞ்சம் குத்தவும் செய்யும். குத்தட்டும் என்றுதான் எழுதினார்.

சனிக்கிழமை காலை லெமுவேலை அவர் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டார். லெமுவேலின் மனைவி வெர்டெலுக்கு முழங்கால் வலி, அவர் வரவில்லை. கணவரின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டு, "பாத்துக் கூட்டிட்டு வாங்க, ஹோரஸ்," என்று மட்டும் சொன்னார்.

வழியில் வழக்கமான பார்பிக்யூ கடையில் நிறுத்தினார்கள். விருந்தில் கொடுக்கிற காய்ந்த கோழியை இருவருமே நம்பவில்லை. விலா எலும்பும் வெள்ளை ரொட்டியும் வந்தன. லெமுவேல் தொடவில்லை.

"என்னடா நாலு, இப்பவே பெரிய மனுஷன் ஆயிட்டியா? கையில எடுத்துத் தின்னமாட்டியா?"

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது."

"கேட்டப்புறம் முடிவு பண்றேன்."

"நம்ம வரிசையில ஒண்ணாம் நம்பர் யாரு?"

ஹோரஸ் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. ஒண்ணாம் நம்பர் வில்பர்ட் எஸ்டெஸ். அவன் சவப்பெட்டியை இவர்கள் இருவரும் முன்பக்கத்தில் தோள் கொடுத்துத் தூக்கியிருந்தார்கள்.

"வில்பர்ட்," என்றார் மெதுவாக.

"வில்பர்ட்." லெமுவேல் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "முகம் இருக்கு, ஹோரஸ். சிரிக்கிறதுகூட கேக்குது. பேரு மட்டும் வரமாட்டேங்குது. ஈஸ்டர்லேர்ந்து இப்படித்தான். டாக்டரைப் பாத்தாச்சு. இனிமே கூடத்தான் செய்யும்னு சொல்லிட்டாரு."

"என் பேரு மட்டும் எப்படி இருக்கு?"

"அம்பது வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கேன். அது எப்படிப் போகும்?" லெமுவேல் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், வாயில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. "அங்க இருநூறு பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தனும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் யாரு சொல்லுன்னு கேப்பான். வண்டியைத் திருப்பு. எனக்கு வயித்துவலின்னு சொல்லிடு."

ஹோரஸ் எலும்பைத் தட்டில் வைத்தார். இத்தனை வருடம் இந்த மனிதன் எங்காவது ஒரு இடத்தில் தடுக்கி விழமாட்டானா என்று தானே உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். இப்போது விழுந்திருக்கிறான். அதில் துளிகூடச் சந்தோஷம் இல்லை.

"பேரெல்லாம் என்கிட்ட இருக்கு," என்றார். "நீ உன் முகத்தை மட்டும் கொண்டு வா. முதல்ல தின்னு."

விருந்துக் கூடத்து வாசலில் சங்கத்தின் கருஞ்சிவப்புக் கோட்டுகள் நிறைந்திருந்தன. ஹோரஸ் லெமுவேலின் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். ஒரு தடித்த ஆள் கையை விரித்துக்கொண்டு வந்தார். லெமுவேலின் விரல்கள் ஹோரஸின் கையை இறுக்கின.

"வாய்யா ராஸ்கோ டிட்வெல்!" என்று ஹோரஸ் சத்தம் போட்டார். "உயிரோடதான் இருக்கியா? லெமுவேல், பாரு, கெமிஸ்ட்ரி லேபைக் கொளுத்தினவன் வர்றான்!"

லெமுவேலின் முகம் மலர்ந்தது. "ராஸ்கோ! புருவம் திரும்ப முளைச்சுதா?"

டிட்வெல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அடுத்து ஒரு பாதிரியார் வந்தார். "அடடே, ஃப்ளாய்ட் மேபெரி! ரெவரெண்டு ஆனப்புறம் சீட்டாட்டத்துல ஏமாத்துறதை விட்டுட்டீங்களா?" என்றார் ஹோரஸ். "விட்டிருக்கமாட்டான். இப்ப ஆண்டவரையும் கூட்டு சேர்த்திருப்பான்," என்றார் லெமுவேல். ஒரு பிடி கிடைத்தால் போதும், மீதியை லெமுவேலே பார்த்துக்கொண்டார். ஒருவர்கூட எதையும் கவனிக்கவில்லை.

ஆனால் ஹோரஸை எல்லோரும் கவனித்தார்கள். சாலட் தட்டுகள் வந்தபோது மேபெரி குனிந்து அவர் காதில் சொன்னார்: "ஹோரஸ், தப்பா நினைக்காத. இன்னிக்கு அவனோட நாள். வந்தவங்க எல்லாரையும் நீயே முந்திக்கிட்டு வரவேற்கிற. கொஞ்சம் வாயை மூடிட்டு அந்த மனுஷனைப் பேச விடேன். உனக்கு ஆத்தாமைன்னு எல்லாருக்கும் தெரியும்."

ஹோரஸுக்குக் காது சுட்டது. அது பொய்யாக இருந்திருந்தால் எளிதாகப் பதில் சொல்லியிருப்பார். "சரி, ரெவரெண்டு," என்றார். அடுத்து ஒருவர் மேசைக்கு வந்ததும் மறுபடி எழுந்து, முன்னைவிடச் சத்தமாகவே, "வாடா எல்பர்ட்!" என்றார்.

மேடைக்கு அழைத்தார்கள். எழுதி வந்த இரண்டு பக்கங்களும் கோட்டுப் பையிலேயே இருந்தன. ஹோரஸ் நாலு வாக்கியம்தான் பேசினார். இவன் என் பக்கத்தில் நின்றவன், நாங்கள் ஆறு பேர், இப்போது இரண்டு பேர், உங்கள் கைதட்டலை ஆறு பேருக்குமாகத் தட்டுங்கள் என்றார். டேரியன் பதக்கத்தை லெமுவேலின் கழுத்தில் போட்டான். கூடம் எழுந்து நின்று தட்டியது.

லெமுவேல் மைக்குக்கு முன் வந்து, வெர்டெல் தட்டச்சு செய்து கொடுத்த காகிதத்தை விரித்தார். முதல் வரியைப் படித்தார். மறுபடியும் முதல் வரியையே படித்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே நின்றார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

ஹோரஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மைக்குக்குப் பக்கத்தில் போட்டார். இன்னொன்றை இழுத்து லெமுவேலை உட்கார வைத்தார். மேபெரி கண்ணை மூடிக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது.

"நீதிபதி அவர்களே, இந்தப் பசங்களுக்கு உரை எல்லாம் வேணாம். கதை சொல்லுங்க. உங்க முதல் கேஸ். அந்தக் கோர்ட்ல உக்காரச் சொன்னாங்களா?"

லெமுவேல் தலை நிமிர்ந்தது. "எங்க உக்கார? வக்கீல் மேசை வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு அந்த ஜட்ஜ் சொல்லிட்டாரு. சரிங்க ஐயான்னு நின்னேன். கேஸ் முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வாதாடினேன்."

"ஜெயிச்சியா?"

"ஜூரிக்கே என்னைப் பாத்துக் கால் வலிச்சிருக்கும். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம்னு விட்டுட்டாங்க."

கூடம் அதிர்ந்தது. "அப்புறம்?" என்றார் ஹோரஸ்.

"அப்புறம் என்ன? காலெல்லாம் கொப்புளம். ஷூ ஒரு சைஸ் சின்னது." லெமுவேல் சாவதானமாக அவர் பக்கம் திரும்பினார். "இவனோட ஷூ அது. கோர்ட்டுக்குப் போட என்கிட்ட நல்ல ஷூ இல்ல. இவன்கிட்ட பாண்டுக்குப் போடுற கறுப்பு ஷூ இருந்துச்சு. கழட்டிக் குடுத்துட்டு, அந்த வாரம் முழுக்க இவன் கிழிஞ்ச கேன்வாஸ் ஷூவுல பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஹெட்மாஸ்டர்கிட்ட திட்டு வாங்கினான்."

ஹோரஸ் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. குனிந்து தன் ஷூவைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அரை மணி நேரம் இப்படியே போனது. பழைய கதைகள் எல்லாம் லெமுவேலிடம் பத்திரமாக இருந்தன, சாவி மட்டும் வேண்டியிருந்தது. இறங்கும்போது டேரியன் ஓடி வந்தான். "ஐயா, நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே ஒத்திகை பார்த்தீங்களா?" "அம்பது வருஷமா," என்றார் ஹோரஸ். மேபெரி அவர் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் பருத்தி வயல்கள் மேல் வெயில் சாய்ந்திருந்தது. லெமுவேல் கழுத்தில் தொங்கியதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

ஹோரஸ் சாலையைப் பார்த்தபடி, "உன்னோடது," என்றார்.

"எதுக்குக் குடுத்தாங்க?"

ஹோரஸ் சொன்னார். நின்றபடி வாதாடியது, நாலு மாவட்டங்களில் ஓட்டுரிமைக்கு வழக்குப் போட்டது, வீட்டு ஜன்னலில் கல் விழுந்த மறுநாளும் கோர்ட்டுக்குப் போனது, நீதிபதியாக உட்கார்ந்த முதல் நாள் அந்த வக்கீல் மேசையை எல்லோருக்கும் பொதுவாக்கியது. இவை எல்லாவற்றையும் அவர் வருடக்கணக்காக மனதுக்குள் எண்ணி எண்ணிப் புழுங்கியவர்தான். இப்போது வாய்விட்டுச் சொல்லும்போது, ஒன்றிரண்டு இடத்தில் இன்னும் சுருக்கென்றது. ஆனாலும் ஒன்றையும் குறைக்கவில்லை.

லெமுவேல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல ஆளா இருப்பான் போல," என்றார்.

"பரவாயில்ல ரகம்," என்றார் ஹோரஸ்.

லெமுவேல் சிரித்தார். அது புரிந்து சிரித்த சிரிப்பா இல்லையா என்று ஹோரஸுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் லெமுவேல் தூங்கிப்போனார்.

வீட்டு வாசலில் வெர்டெல் தடியை ஊன்றிக் காத்திருந்தார். ஹோரஸ் இறங்கிச் சுற்றிப் போய், மறுபக்கத்துக் கதவைத் திறப்பதற்கு முன் வெர்டெலிடம் கேட்டார்: "வியாழக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்ல. வரட்டுமா?"

"வாங்க," என்றார் வெர்டெல். "காலையிலயே வாங்க. காலையில அவர் நல்லா பேசுவாரு."